புதிதாகச் சேமித்த ஃபைல் விண்டோஸ் சர்ச்சில் வருவதில்லை, பழையது மட்டும் வருகிறது

சூடை, மண்டபம்

விண்டோஸ் 11. சி டிரைவ் எஸ்எஸ்டி, டி டிரைவ் 1 டிபி ஹார்ட் டிஸ்க். விசைப்படகுக் கணக்கு பார்க்கிற அலுவலகம். டீசல் பில், ஐஸ் பில், டோக்கன் பட்டியல், ஏலச் சீட்டு எல்லாம் டி டிரைவில் "கணக்கு" என்கிற ஃபோல்டருக்குள் இருக்கின்றன. மார்ச் மாதம் வரை சேமித்த எதையும் டாஸ்க்பார் சர்ச்சில் பெயர் அடித்தால் உடனே காட்டுகிறது. ஏப்ரலுக்குப் பிறகு சேமித்தது ஒன்றுகூட வருவதில்லை. ஃபோல்டரைத் திறந்தால் ஃபைல் அங்கேதான் இருக்கிறது. தேடல் பட்டியலான இன்டெக்ஸை அழித்து மறுபடி கட்டும் ரீபில்ட் கொடுத்தாயிற்று. முழுதாக ஓடி "இன்டெக்ஸிங் கம்ப்ளீட்" என்று வந்துவிட்டது, நிலைமை அப்படியே. சிஸ்டம் வாங்கிய கடையில் விண்டோஸையே மறுபடி போடணும் என்கிறார்கள். ஜூன் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகு இறங்கினால் பில் குவிந்துவிடும். அதற்குள் வழி சொல்லுங்கள்.

ஊளி, ராமேஸ்வரம்

விண்டோஸ் மறுபடி போடவே வேண்டாம் தம்பி. "பழையது வருது, புதுசு வரலை" என்று நீங்கள் சொன்னதிலேயே பாதி விடை இருக்கிறது.

டாஸ்க்பார் சர்ச் நீங்கள் தேடும்போது டிஸ்க்கைப் பார்ப்பதில்லை. முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிற இன்டெக்ஸைத்தான் பார்க்கும். அதில் பதியாத ஃபைல் அதைப் பொறுத்தவரை இல்லாத ஃபைல். பதியாமல் போக மூன்று காரணம் உண்டு. அந்த ஃபோல்டர் இன்டெக்ஸின் எல்லைக்குள்ளேயே இல்லாமல் இருக்கலாம். எல்லைக்குள் இருந்தும் பதிகிற வேலை நின்றிருக்கலாம். அல்லது பெயர் பதிந்து, உள்ளே இருக்கும் எழுத்தைப் படிக்க முடியாமல் போயிருக்கலாம். ரீபில்ட் இந்த மூன்றுக்கும் மருந்து இல்லை. இன்டெக்ஸ் சேதமாகியிருந்தால் மட்டும் அது உதவும். வாக்காளர் பட்டியலில் விட்டுப்போன தெருவுக்கு, அதே பட்டியலை மறுபடி அச்சடித்து என்ன பயன்?

முதலில் இதைச் செய்யுங்கள். நோட்பேடில் ஒரு வரி அடித்து, வேறெங்கும் வராத பெயராக, "சங்காயச்சோதனை" என்று வைத்து டாக்குமெண்ட்ஸில் சேமியுங்கள். அதே போல "சங்காயச்சோதனைஇரண்டு" என்று ஒன்றை டி டிரைவில், ஏப்ரலுக்குப் பிறகு பில் போடுகிற அதே ஃபோல்டரில் வையுங்கள். ஒரு நிமிஷம் விட்டு டாஸ்க்பாரில் தேடுங்கள்.

இரண்டும் வராவிட்டால் இன்டெக்ஸ் எழுதுகிற "விண்டோஸ் சர்ச்" சர்வீஸ் நின்றிருக்கிறது. முதலாவது மட்டும் வந்தால் எல்லைப் பிரச்சினை. இரண்டுமே வந்துவிட்டால் வேறு மாதிரி யோசிக்கணும்.

இன்னொன்று: ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் அந்த ஃபோல்டரைத் திறந்து, வலது மேல் மூலையில் இருக்கும் பெட்டியில் தேடினால் வருகிறதா? மேலே பச்சைக் கோடு மெதுவாக ஊர்ந்து, கொஞ்ச நேரம் கழித்துக் கிடைக்கிறது என்றால் அந்த இடம் இன்டெக்ஸில் இல்லை என்று அர்த்தம். இன்டெக்ஸ் இல்லாத இடத்தில் எக்ஸ்ப்ளோரர் டிஸ்க்கையே ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்கும். இன்டெக்ஸ் இருக்கிற இடத்தில் இன்டெக்ஸ் சொல்வதை அப்படியே நம்பிவிடும்.

வாவல், பாம்பன்

இவ்வளவு சோதனை எதுக்கு? சர்வீஸை ஒருதரம் ரீஸ்டார்ட் பண்ணி ரீபில்ட் கொடுத்தா பத்துக்கு எட்டு சரியாயிடும். ஸ்டார்ட் பட்டன்ல ரைட் கிளிக், கம்ப்யூட்டர் மேனேஜ்மெண்ட், உள்ள சர்வீசஸ். "விண்டோஸ் சர்ச்"னு ஒரு வரி இருக்கும். ஸ்டேட்டஸ் ரன்னிங்னும், ஸ்டார்ட்டப் டைப் ஆட்டோமேட்டிக், டிலேய்டு ஸ்டார்ட்னும் இருக்கணும். டிசேபிள்டுனு இருந்தா மாத்தி ஸ்டார்ட் கொடுங்க. எஸ்எஸ்டி தேயக்கூடாதுன்னு சொல்லி இதை நிறுத்தி வச்சுட்டுப் போற ஆளுங்க இருக்காங்க. "லைட் விண்டோஸ்"னு பென் டிரைவ்ல சுத்துற காப்பியில இந்தச் சர்வீஸே இருக்காது, அதுல தலைகீழா நின்னாலும் நடக்காது.

ஊளி

சர்வீஸ் பார்க்கச் சொன்னது சரி வாவல். ஆனால் சூடை ஏற்கெனவே ரீபில்ட் ஓட்டி, அது முடிந்தும் இருக்கிறது. சர்வீஸ் நின்றிருந்தால் ரீபில்ட் முடிந்தே இருக்காது. இன்டெக்ஸிங் ஆப்ஷன்ஸைத் திறந்தாலே, இன்டெக்ஸிங் ஓடவில்லை என்று மேல் வரியில் எழுதியிருக்கும். அதோடு, ரீபில்ட் ஓடுகிற நேரத்தில் சர்ச் அரைகுறையாகத்தான் வரும். வேலை நாளில் காரணம் தெரியாமல் அதை அமுக்குவது நல்லதில்லை.

சூடை

அண்ணே, டாக்குமெண்ட்ஸில் வைத்தது உடனே வந்துவிட்டது. டி டிரைவில் வைத்தது வரவே இல்லை. எக்ஸ்ப்ளோரரில் பச்சைக் கோடு ஓடி, பிறகு கிடைத்தது. சர்வீஸ் ரன்னிங்தான். ஆனால் ஒரு சந்தேகம்: டி டிரைவ் எல்லையில் இல்லை என்றால் மார்ச் வரைக்குமான பில் மட்டும் எப்படி வருகிறது?

ஊளி

அந்தக் கேள்விதான் சரியான கேள்வி. கண்ட்ரோல் பேனலில் வியூ பை என்பதை ஐகானாக மாற்றி, இன்டெக்ஸிங் ஆப்ஷன்ஸ் திறந்து, மாடிஃபை கொடுங்கள். அட்மின் அனுமதி கேட்டால் "ஷோ ஆல் லொக்கேஷன்ஸ்" அழுத்துங்கள். மேல் பாதியில் மரம் மாதிரி டிரைவுகள் வரும், கீழ்ப் பாதியில் இப்போது எல்லையில் இருப்பவற்றின் சுருக்கம். டி டிரைவ் பக்கத்தில் இருக்கும் அம்புக்குறியை விரித்து, கணக்கு ஃபோல்டரையும் விரியுங்கள். எதெதில் டிக் இருக்கிறது என்று சொல்லுங்கள்.

சூடை

டி டிரைவில் டிக் இல்லை. "கணக்கு" ஃபோல்டரிலும் இல்லை. அதற்குள் "2023-24", "2024-25" என்று ஆண்டு வாரியாக ஃபோல்டர்கள். அந்த இரண்டில் மட்டும் டிக். "2025-26" வெறுமனே இருக்கிறது.

ஊளி

கிடைத்துவிட்டது. யாரோ பிள்ளை ஃபோல்டர்களுக்கு மட்டும் டிக் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். டிக் வைத்த ஃபோல்டருக்குள் எத்தனை அடுக்கு புதிதாகத் திறந்தாலும் தானாகவே சேரும். ஆனால் அதற்குப் பக்கத்தில் புதிதாகத் திறக்கும் ஃபோல்டர் சேராது. ஏப்ரல் 1-ஆம் தேதி நிதியாண்டு மாறி "2025-26" திறந்தீர்களே, அன்றைக்கே அது எல்லைக்கு வெளியே பிறந்துவிட்டது. ரீபில்டும் அந்த இரண்டு ஃபோல்டரைத்தான் சுற்றிச் சுற்றி வந்திருக்கும்.

"2025-26"-க்கு மட்டும் டிக் வைத்தால் அடுத்த ஏப்ரலில் இதே கதை. "கணக்கு" என்கிற தாய் ஃபோல்டருக்கு டிக் வையுங்கள், கீழே இருப்பது எல்லாம் தானாக டிக் ஆகும். ஓகே கொடுத்த பிறகு முதல் ஜன்னலில் "ஐட்டம்ஸ் இன்டெக்ஸ்டு" எண்ணிக்கை ஏறுகிறதா பாருங்கள். அது ஏறினால் வேலை நடக்கிறது. "இன்டெக்ஸிங் ஸ்பீட் இஸ் ரெடியூஸ்டு டியூ டு யூசர் ஆக்டிவிட்டி" என்று காட்டினால் பயப்பட வேண்டாம். நீங்கள் மவுஸைத் தொட்டுக்கொண்டே இருப்பதால் அது ஒதுங்கி நிற்கிறது. விட்டுவிட்டு டீ குடித்து வாருங்கள்.

கணவாய், கீழக்கரை

ஊளி தம்பி சொன்ன வழி சரி. இதற்கு இன்னொரு கதவும் உண்டு. செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதில் சர்ச்சிங் விண்டோஸ் (புதிய பதிப்புகளில் சர்ச்) பக்கம். அங்கே கிளாசிக், என்ஹான்ஸ்டு என்று இரண்டு தேர்வு. கிளாசிக் என்றால் டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ், மியூசிக் போன்றவையும் நீங்கள் கையால் சேர்த்ததும்தான். நம் பக்கம் விண்டோஸ் சியில், டேட்டா டியில் என்று பிரித்து வைப்பதுதான் வழக்கம், அதனால் கிளாசிக்கில் டி முழுதும் விட்டுப்போகும். என்ஹான்ஸ்டு வைத்தால் கம்ப்யூட்டர் முழுதையும் எடுத்துக்கொள்ளும்.

கணக்கு மட்டும் பார்க்கிற மெஷினில் நான் என்ஹான்ஸ்டு பரிந்துரைக்க மாட்டேன். இன்டெக்ஸில் 4 லட்சம் ஐட்டத்துக்கு மேல் போனால் வேகம் குறையத் தொடங்கலாம் என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. சிசிடிவி கிளிப், வாட்ஸ்அப் போட்டோ, பழைய பேக்கப் எல்லாம் உள்ளே போய் எண்ணிக்கையை ஏற்றும். என்ஹான்ஸ்டுதான் வேண்டும் என்றால் அதே பக்கத்தில் கீழே இருக்கும் விலக்குப் பட்டியலில் பேக்கப் ஃபோல்டர்களைச் சேர்த்துவிடுங்கள். அந்தப் பட்டியலில் உங்கள் கணக்கு ஃபோல்டர் தவறிப்போய் இருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்க்கவும். விலக்கில் இருந்தால் அதற்குள் இருக்கும் எதுவும் ஏறாது.

வாவல்

கணவாய் காக்கா, கணக்கு எழுதுற டாலி சாஃப்ட்வேரையும் சொல்லுங்க. டாலிபிரைம்ல எக்ஸ்போர்ட் பாதையை மாத்தாம விட்டா பிடிஎஃப் எல்லாம் புரோகிராம் ஃபைல்ஸுக்குள்ள டாலி ஃபோல்டர்லயே போய் விழும். அந்த இடத்தை விண்டோஸ் வழக்கமா இன்டெக்ஸ்ல சேர்க்காது. பில் காணோம்னு தேடுறவங்களுக்கு அங்கதான் கிடக்கும். எக்ஸ்போர்ட் செட்டிங்ல ஃபோல்டர் பாத்தை கணக்கு ஃபோல்டருக்கு மாத்திடுங்க.

சூடை

தாய் ஃபோல்டருக்கு டிக் வைத்தேன். எண்ணிக்கை ஏறியது. இப்போது பெயர் அடித்தால் ஏப்ரல் பில்லும் வருகிறது. எல்லாருக்கும் நன்றி.

ஒன்று மிச்சம். வேர்டு ஃபைலுக்குள் இருக்கும் சொல்லைத் தேடினால், "2024-25"-இல் இருப்பது வருகிறது, "2025-26"-இல் இருப்பது வருவதில்லை. பெயரால் தேடினால் மட்டும் இரண்டும் வருகின்றன.

ஊளி

இது நான் சொன்ன மூன்றாவது காரணம். "2025-26" ஃபோல்டரில் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், ஜெனரல் டேபில் அட்வான்ஸ்டு. இரண்டாவது டிக், ஃபைலின் உள்ளடக்கத்தையும் இன்டெக்ஸ் செய்ய அனுமதிப்பது. அது எடுபட்டிருந்தால் பெயர், தேதி மட்டும் பதியும், உள்ளே இருக்கும் எழுத்து பதியாது. டிக் வைத்து ஓகே கொடுத்து, பிராப்பர்ட்டீஸ் ஜன்னலில் அப்ளை அழுத்தும்போது ஒரு கேள்வி வரும்: இந்த ஃபோல்டருக்கு மட்டுமா, உள்ளே இருப்பவற்றுக்கும் சேர்த்தா என்று. இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கணும். முதலாவதைக் கொடுத்தால் ஏற்கெனவே உள்ளே இருக்கும் ஃபைல்களில் ஒன்றும் மாறாது.

புதிய ஃபோல்டரில் மட்டும் ஏன் வந்தது என்றால், இந்தக் குறி ஒட்டிக்கொள்ளும் சுபாவம் உள்ளது. குறி எடுபட்ட ஃபோல்டருக்குள் புதிதாக உருவாகும் ஃபைலும் ஃபோல்டரும் அதே நிலையைத் தாங்கியே பிறக்கும். டி டிரைவின் பிராப்பர்ட்டீஸைத் திறந்து பாருங்கள், அங்கேயும் கீழே இதே போல ஒரு டிக் இருக்கும். "வேகப்படுத்துகிறேன்" என்று யாராவது அதை எடுத்திருக்க வாய்ப்பு அதிகம்.

அதற்குப் பிறகும் ஒரு குறிப்பிட்ட வகை ஃபைல் மட்டும் வரவில்லை என்றால் இன்டெக்ஸிங் ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்டு, ஃபைல் டைப்ஸ். அந்த எக்ஸ்டென்ஷனைத் தேர்ந்தெடுத்துக் கீழே "இன்டெக்ஸ் பிராப்பர்ட்டீஸ் அண்ட் ஃபைல் கன்டென்ட்ஸ்" இருக்கிறதா பார்க்கவும்.

பாறை, தொண்டி

உள்ளடக்கத் தேடல் என்றதும் தமிழ் ஃபைல்களுக்கே உரிய சங்கதிகள் சில இருக்கின்றன. விண்டோஸ் எல்லாம் சரியாகச் செய்தும் தேடல் தோற்கிற இடங்கள் இவை.

முதலாவது எழுத்துரு. பழைய வேர்டு ஃபைல்கள் பாமினி, வானவில் போன்ற எழுத்துருவில் அடித்தவையாக இருந்தால் உள்ளே இருப்பது தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போர்த்தியிருக்கிறது, அவ்வளவுதான். திரையில் "மண்டபம்" என்று தெரியும், இன்டெக்ஸில் ஆங்கிலக் குப்பையாகப் பதிந்திருக்கும். இப்போதைய பொது எழுத்து முறையான யூனிகோடில் "மண்டபம்" அடித்து எத்தனை முறை தேடினாலும் வராது. சோதிக்க எளிய வழி: அந்த வரியைக் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டுங்கள். தமிழாகத் தெரிந்தால் யூனிகோடு, ஆங்கிலக் கிறுக்கலாக மாறினால் பழைய எழுத்துரு. என்எச்எம் கன்வெர்ட்டர் மாதிரியான கருவியால் மாற்றி மறுபடி சேமிக்கணும். சங்கத்துத் தீர்மானம், பழைய ஒப்பந்தம் இவற்றில் இது நிறைய.

இரண்டாவது, ஒரே மாதிரி தெரிந்து வேறாக இருக்கும் எழுத்து. "ஸ்ரீ" என்பதை ஸகரத்தை வைத்தும் அடிக்கலாம், 2005-இல் யூனிகோடில் சேர்த்த ஶகரத்தை வைத்தும் அடிக்கலாம். பல எழுத்துருவில் இரண்டும் கண்ணுக்கு ஒன்றே, கணினிக்கு வேறு வேறு. படகுப் பெயர் பாதிக்கு ஸ்ரீயில்தான் தொடங்குகிறது, ஆகையால் இது அடிக்கடி மாட்டும். தேடும்போது ஸ்ரீயை விட்டுவிட்டு அடுத்த சொல்லை அடிப்பது புத்திசாலித்தனம். ஔகாரமும் அப்படியே: ஔ என்று ஒரே எழுத்தாக அடிப்பதும், ஒ போட்டுப் பக்கத்தில் ள போடுவதும் ஒன்றல்ல.

மூன்றாவது, சொல்லின் எந்தப் பகுதியை அடிக்கிறோம் என்பது. இன்டெக்ஸ் சொல்லின் தொடக்கத்திலிருந்து ஒப்பிடும். "மண்டபம்" என்று அடித்தால் "மண்டபத்தில்" வராது, ஏனென்றால் மகர ஒற்று அங்கே இல்லை. "மண்டப" என்று நிறுத்தினால் மண்டபம், மண்டபத்தில், மண்டபத்துக்கு எல்லாம் வரும். தமிழில் வேற்றுமை உருபு ஒட்டிக்கொண்டே போவதால் வேரோடு நிறுத்தித் தேடுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஃபைல் பெயரை "டீசல்பில்" என்று ஒட்டி எழுதிவிட்டு "பில்" என்று தேடினாலும் இதே காரணத்தால் தவறும். எக்ஸ்ப்ளோரர் பெட்டியில் முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போட்டு *பில் என்று அடித்தால் பெயரின் நடுவிலும் பிடிக்கும். புதிதாகப் பெயர் வைக்கும்போது இடைவெளியோ சிறுகோடோ விட்டு எழுதினால் இந்த வம்பே இல்லை.

சூடை

அந்த இரண்டாவது டிக் எடுபட்டுத்தான் இருந்தது ஊளி அண்ணே, டி டிரைவிலும் சேர்த்து. வைத்துவிட்டேன், வேர்டு ஃபைல் வருகிறது. பாறை அண்ணே, டீசல் பில் ஸ்கேன் பண்ணின பிடிஎஃப் மட்டும் உள்ளே தேட முடியவில்லை. அதுவும் எழுத்துருவா?

பாறை

இல்லை, அது படம். ஸ்கேனர் தருகிற பிடிஎஃப் பெரும்பாலும் காகிதத்தின் போட்டோதான், உள்ளே எழுத்து கிடையாது. பிடிஎஃபைத் திறந்து ஒரு சொல்லை மவுஸால் தேர்ந்தெடுக்கப் பாருங்கள். தேர்வாகாவிட்டால் எழுத்து இல்லை. விண்டோஸுக்குப் பிடிஎஃப் படிக்கத் தெரியும், ஆனால் எழுத்து இருந்தால்தானே படிக்கும். படத்திலிருக்கும் எழுத்தைப் படித்தெடுக்கும் ஓசிஆர் போடணும். டெசராக்ட் என்கிற ஓசிஆர் மென்பொருள் இலவசம், அதற்குத் தமிழ் மொழிக் கோப்பு தனியாக உண்டு, நிறுவும்போது சேர்த்துத் தேர்ந்தெடுக்கணும். ஓசிஆர்மைபிடிஎஃப் என்கிற கருவி அதை வைத்துப் பழைய பிடிஎஃபுக்குள் கண்ணுக்குத் தெரியாத எழுத்து அடுக்கு ஒன்றைச் சேர்த்துத் தரும். 300 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள், 150-இல் தமிழ்ப் புள்ளியும் கொம்பும் கரைந்துவிடும். பங்க் பில்லில் தெர்மல் மை மங்கியிருந்தால் ஓசிஆரும் உளறும். அதற்குப் பேசாமல் ஃபைல் பெயரிலேயே தேதி, படகுப் பதிவெண், லிட்டர் மூன்றையும் எழுதிவிடுங்கள். தினசரி பில்லுக்கு ஓசிஆரைவிட அதுதான் நிற்கும்.

நண்டு, ஏர்வாடி

இதே பிரச்சினை எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் வந்தால்? மாடிஃபையில் டிக் வைத்தும், சில நாளில் புது ஃபைல் விட்டுப்போகிறது.

கணவாய்

மூன்று விஷயம் பார்க்கணும்.

டிரைவ் எழுத்து மாறுகிறதா? இன்றைக்கு ஈ, நாளைக்கு எஃப் என்று வந்தால் இன்டெக்ஸில் இருக்கும் பாதை அறுந்துவிடும். டிஸ்க் மேனேஜ்மெண்ட்டில் அந்தப் பார்ட்டிஷனில் ரைட் கிளிக், "சேஞ்ச் டிரைவ் லெட்டர் அண்ட் பாத்ஸ்", கடைசிப் பக்கத்து எழுத்து ஒன்று, டபிள்யூ மாதிரி, கொடுத்துவிடுங்கள். பென் டிரைவ்கள் அதுவரை வந்து பிடிக்காது. பிறகு மாடிஃபையில் பழைய டிக்கை எடுத்து, புதிய எழுத்தில் வைக்கணும்.

ஃபார்மேட் என்ன? என்டிஎஃப்எஸ் என்றால் எந்த ஃபைல் மாறியது என்று டிஸ்க்கே ஒரு மாற்றப் பதிவேடு வைத்திருக்கும், இன்டெக்ஸ் அதைப் பார்த்துத் தொடரும். ஃபேட்32, எக்ஸ்ஃபேட் இரண்டிலும் அந்தப் பதிவேடு கிடையாது. வேறொரு மெஷினில் சொருகி ஃபைல் போட்டுக் கொண்டுவந்தால் மறுபடி முழுக்கத் துழாவித்தான் கண்டுபிடிக்கணும், அதுவரை காணாது. எக்ஸ்டர்னல் டிஸ்க் கடையிலிருந்து வரும்போதே எக்ஸ்ஃபேட்டாக வருவது உண்டு. மேக்கில் எழுதத் தேவை இல்லை என்றால், டேட்டாவை எடுத்து வைத்துவிட்டு என்டிஎஃப்எஸ்-ஆக மாற்றுங்கள்.

மூன்றாவது நம் கரையோர வியாதி. உப்புக்காற்று யூஎஸ்பி முனையைத் தின்றுவிடும். தகடு மங்கி, ஓரத்தில் பச்சை பிடித்திருக்கிறதா டார்ச் அடித்துப் பாருங்கள். டிஸ்க் ஒரு நொடி அறுந்து மறுபடி ஒட்டும், "டொங்" சத்தம் அடிக்கடி கேட்கும், அந்த நேரத்தில் இன்டெக்ஸ் அந்த இடத்தை விட்டுவிட்டுப் போய்விடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், 99 சதவீதம், மெல்லிய பிரஷ். கம்ப்யூட்டரை அணைத்து, பவர் வயரைப் பிடுங்கிவிட்டுத் துடைத்து, நன்றாக உலர விடவும். பெட்ரோலோ தின்னரோ வேண்டாம், பிளாஸ்டிக் உருகும். கேபிளை மாற்றுவது இன்னும் உத்தமம். முன்பக்க போர்ட்டை விட்டுவிட்டு மதர்போர்டு பக்கத்துப் பின் போர்ட்டில் சொருகுங்கள்.

வாவல்

நான் எல்லா மெஷின்லயும் "எவரிதிங்"னு ஒரு தேடல் சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்துடுறேன். என்டிஎஃப்எஸ்ஸோட ஃபைல் அட்டவணையை நேரா படிக்கும், டிக் வைக்கிற வேலையே இல்ல. ஃபைல் சேவ் ஆன அடுத்த நொடி லிஸ்ட்ல வந்துடும்.

ஊளி

பெயரால் மட்டும் தேடுகிற ஆளுக்கு அதுதான் சிறந்தது, மறுப்பே இல்லை. ஆனால் உள்ளடக்கத் தேடலில் அது ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து படிக்கும், ஹார்ட் டிஸ்க்கில் தவம் கிடக்கணும். காக்கா சொன்ன எக்ஸ்ஃபேட் டிஸ்க்கை அதில் ஃபோல்டராகத் தனியே சேர்த்து, மறுபடி துழாவ நேரமும் குறிக்கணும். சூடைக்கு இரண்டும் இருக்கட்டும்.

சூடை

பக்கத்து மேசை கம்ப்யூட்டரிலிருந்து இதே கணக்கு ஃபோல்டரை நெட்வொர்க்கில் திறக்கிறார்கள். அங்கே தேடினால்?

ஊளி

அந்த மேசையின் இன்டெக்ஸிங் ஆப்ஷன்ஸில் நெட்வொர்க் டிரைவைச் சேர்க்க முடியாது, தேடிக் களைக்க வேண்டாம். ஃபோல்டர் இருக்கிற உங்கள் மெஷினில் விண்டோஸ் சர்ச் ஓடி, அந்த ஃபோல்டர் இன்டெக்ஸில் இருந்தால், எக்ஸ்ப்ளோரரில் ஷேரைத் திறந்து தேடும்போது உங்கள் மெஷினின் இன்டெக்ஸையே அது பயன்படுத்திக்கொள்ளும். ஆகவே நீங்கள் இன்று சரிசெய்தது அவர்களுக்கும் பலிக்கும். டாஸ்க்பாரில் தேடினால் வராது, ஷேர் ஃபோல்டருக்குள் நின்றுதான் தேடணும்.

பெர்மிஷன் ஒன்று கவனம். ஷேர் போடும்போது செக்யூரிட்டி டேபில் பெயர்களை நீக்குகிறேன் என்று "சிஸ்டம்" என்கிற பெயரையும் எடுத்துவிட்டால், இன்டெக்ஸ் சர்வீஸ் அந்தக் கணக்கில்தான் ஓடுகிறது, அதனால் உள்ளே நுழைய முடியாது.

திருக்கை, தங்கச்சிமடம்

கரண்ட் போய் வந்த பிறகு சர்ச் மொத்தமாகச் செத்துவிட்டது. ஐட்டம்ஸ் இன்டெக்ஸ்டு 0-விலேயே நிற்கிறது, ரீபில்ட் கொடுத்தாலும் ஏறவில்லை. வாடைக்காற்று மாதங்களில் இது சகஜமாகிவிட்டது.

ஊளி

உங்களுக்குத்தான் உண்மையில் இன்டெக்ஸ் சேதம். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் இது நடக்கும். சி டிரைவில் இடம் இருக்கிறதா முதலில் பாருங்கள், டிஸ்க் நிரம்பியிருந்தாலும் இன்டெக்ஸ் நின்றுவிடும். இடம் இருந்தால்:

சர்வீசஸில் விண்டோஸ் சர்ச்சை ஸ்டாப் செய்து, ஸ்டார்ட்டப் டைப்பைத் தற்காலிகமாக டிசேபிள்டு ஆக்குங்கள். இல்லாவிட்டால் நடுவில் தானாக எழுந்துவிடும். சி டிரைவில் புரோகிராம்டேட்டா, மைக்ரோசாஃப்ட், சர்ச், டேட்டா, அப்ளிகேஷன்ஸ், விண்டோஸ் என்று உள்ளே போங்கள். புரோகிராம்டேட்டா மறைந்திருக்கும், வியூவில் ஹிட்டன் ஐட்டம்ஸ் டிக் வைக்கணும். அங்கே விண்டோஸ் 10 என்றால் விண்டோஸ் என்ற பெயரில் ஈடிபி ஃபைல், 11 என்றால் டிபி ஃபைல்கள். இந்த ஃபோல்டருக்குள் இருப்பதை மட்டும் அழியுங்கள். பெயர் ஒன்றாக இருக்கிறது என்று சி டிரைவின் அசல் விண்டோஸ் ஃபோல்டருக்குள் போய்விட வேண்டாம், பாதையை இருமுறை படியுங்கள். பிறகு சர்வீஸை மறுபடி ஆட்டோமேட்டிக், டிலேய்டு ஸ்டார்ட் ஆக்கி ஸ்டார்ட் கொடுங்கள். புதிதாக எழுதத் தொடங்கும். முடிந்ததும் மாடிஃபையில் உங்கள் இடங்கள் இருக்கின்றனவா சரிபார்க்கவும்.

அப்படியும் ஏறாவிட்டால் கம்ப்யூட்டர் மேனேஜ்மெண்ட்டில் ஈவென்ட் வியூவர், விண்டோஸ் லாக்ஸ், அப்ளிகேஷன். சோர்ஸ் பத்தியில் சர்ச் என்றோ ஈஎஸ்இஎன்டி என்றோ சிவப்பாக இருப்பதை இங்கே எழுதுங்கள். இதற்கெல்லாம் முன்னால் ஒரு யூபிஎஸ் வாங்கி, பேட்டரியைச் சோதித்து வையுங்கள். யூபிஎஸ் இல்லாமல் ஹார்ட் டிஸ்க்கில் கணக்கு வைப்பது, சர்ச்சைவிடப் பெரிய ஆபத்து.

நண்டு

காக்கா, டிஸ்க் எக்ஸ்ஃபேட்தான். வீட்டில் தம்பியிடம் மேக்புக் இருக்கிறது, அவனும் இதே டிஸ்க்கில்தான் எழுதுகிறான். மாற்றலாமா?

கணவாய்

அப்படியானால் மாற்றாதீர்கள். மேக் என்டிஎஃப்எஸ்ஸைப் படிக்கும், எழுதாது. எக்ஸ்ஃபேட்டிலேயே வைத்துக்கொண்டு, தம்பி கொடுத்துவிட்டுப் போன அன்றைக்கு எக்ஸ்ப்ளோரரில் அந்த டிரைவ் மேல் நின்று, தேதிப்படி அடுக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். அடுக்கும்போது "டேட் மாடிஃபைடு" ஒன்றை மட்டும் நம்ப வேண்டாம். காப்பி செய்த ஃபைல் பழைய மாற்றத் தேதியோடுதான் வரும், புதிது என்று மேலே தேடினால் அடியில் கிடக்கும்.

மேக் பக்கம் அதன் தேடல் வசதியான ஸ்பாட்லைட் புது ஃபைலை விட்டால், சிஸ்டம் செட்டிங்ஸில் ஸ்பாட்லைட், சர்ச் பிரைவசி. அந்த டிஸ்க்கைப் பட்டியலில் சேர்த்து, கொஞ்சம் பொறுத்து, கழித்தல் குறியால் எடுத்துவிடச் சொல்லுங்கள். புதிதாக இன்டெக்ஸ் செய்யத் தொடங்கிவிடும்.

திருக்கை

ஊளி அண்ணே, அழித்துவிட்டு ஸ்டார்ட் கொடுத்தேன், எண்ணிக்கை ஏறுகிறது. லேப்டாப் சார்ஜர் போட்டே வைக்கணுமா?

ஊளி

ஆமாம், முடிகிற வரை போட்டே வையுங்கள். பேட்டரியில் ஓடும்போது வேகத்தைக் குறைக்கும், சார்ஜ் குறைந்தால் நிறுத்தியும்விடும். ஸ்லீப்புக்குப் போகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.